கல்லுப்பை நம்பி வெட்டிய சிவப்பு

குவில்ட், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை, தைக்கப் பழக வந்த பெண் ஒருத்தி போன வாரம் புதுத் துணியைப் பிரித்ததும் கத்தரிக்கோலை எடுத்தாள். “நனைச்சியாம்மா?” என்றேன். “சிவப்பை மட்டும் உப்புத் தண்ணியில முக்கி எடுத்தேன்க்கா” என்றாள். 11 வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன். அளந்து வெட்டு, ஊசி மாற்று என்பதையெல்லாம் வேறு யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். நான் பணத்தையும் தூக்கத்தையும் தொலைத்த இடங்களை மட்டும் சொல்கிறேன்.

உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று நம்புவது

அக்கா மகளுக்காக நான் தைத்த முதல் குவில்ட் அது. சிவப்புச் சுங்குடியும் வெள்ளை மல் துணியும் மாறி மாறி வரும் கட்டங்கள். சிவப்பை ஒரு கைப்பிடி கல்லுப்பு கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தேன். தண்ணீர் லேசாகத்தான் சிவந்தது. மூன்று மாதம் உட்கார்ந்து தைத்தேன். குழந்தை நனைத்துவிட்டது என்று அக்கா சோப்புத்தூளில் ஊறப்போட்டாள். வெள்ளை முழுக்க ரோஸ்! போதாததற்கு, வெயிலில் காயவைத்து இஸ்திரியும் போட்டுக் கொண்டுவந்து காட்டினாள்.

சாயப்பட்டறையில் உப்பு போடுவது நிஜம்தான். தண்ணீரில் இருக்கும் சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளுவதற்காகப் போடுகிறார்கள். பருத்தியில் போடும் ரியாக்டிவ் சாயத்தை நூலோடு பிணைப்பது சலவைச் சோடா. பிணையாமல் தங்கிய சாயத்தைச் சுடுதண்ணீரில் அலசித்தான் வெளியேற்ற வேண்டும். வீட்டில் உப்பு போட்டால் அந்த உதிரிச் சாயம் துணியிலேயே ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் தெளிவாகத் தெரிய, நாமும் ஏமாந்துபோகிறோம். வினிகரும் பருத்திக்கு உதவாது. இத்தனை சொல்லியும் “எங்கம்மா உப்புதான் போடுவாங்க” என்கிறார்கள். எங்கம்மாவும்தான் போட்டார்கள்!

சாயம் போகுமா என்று வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். கண்ணாடி டம்ளரில் சுடுதண்ணீர், இரண்டு சொட்டு சோப்பு, துணியின் ஓரத்தில் வெட்டிய ஒரு துண்டு. அரை மணி கழித்து அந்த ஈரத்துண்டை வெள்ளைத் துணிமேல் வைத்துக் காயவிடுங்கள். கறை பட்டால் சுடுதண்ணீரில் திரும்பத் திரும்ப அலசுங்கள். நாலைந்து முறைக்குப் பிறகும் சாயம் விட்டுக்கொண்டே இருந்தால் அந்தத் துணி வெள்ளைக்குப் பக்கத்தில் வேண்டாம். அவுரி நீலம் நூலின் மேலாகவே படிந்திருக்கும். அலசிய பிறகும் உரசினால் ஒட்டும்.

தைத்த பிறகு சாயம் இறங்கிவிட்டதா? காயவிடாதீர்கள். பெரிய தொட்டியில் நிறையச் சுடுதண்ணீரும் சோப்பும் விட்டு உடனே முக்குங்கள். அன்றைக்கு இது தெரிந்திருந்தால் அந்த வெள்ளையில் பாதியாவது பிழைத்திருக்கும்.

பாதியை நனைத்துப் பாதியை விடுவது

புதுப் பருத்தி முதல் அலசலில் 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சாதாரணம். 40 அங்குலத்தில் 5 சதவீதம் என்றால் 2 அங்குலம். அதுவும் பெரும்பாலும் ஊடைவிட (அகல வாக்கு நூல்) பாவு வாக்கில்தான் (நீள வாக்கு நூல்) அதிகம் இழுக்கும். நனைத்த துண்டும் நனைக்காத துண்டும் ஒரே தையலில் சேர்ந்தால் முதல் துவைப்பிலேயே கோணிக்கொள்ளும். எல்லாவற்றையும் நனையுங்கள்; இல்லையென்றால் எதையும் நனைக்காதீர்கள். எல்லாம் வெளிர்நிறமாக இருந்து, அந்தச் சுருக்கச் சுருக்கமான அழகு பிடிக்கும் என்றால் நனைக்காமலே தைக்கலாம். எனக்குப் பிடிக்காது.

வெட்டி விற்கும் 5 அங்குலச் சதுரங்களை வாஷிங் மெஷினில் போடுவது

போடாதீர்கள். நூல்தான் மிஞ்சும்.

அலசியதும் அப்படியே வெட்டுவது

கஞ்சி போன துணி தொளதொளவென்று இருக்கும், மூலைவாட்டில் சாய்த்து வெட்டினால் இழுபடும். மெல்லிசாகக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, பிறகு வெட்டுங்கள். அன்றைக்கு வெட்டப்போகிற அளவுக்கு மட்டும் கஞ்சி போடுங்கள். மடித்து பீரோவில் வைத்த என் மஞ்சள் பிளாக் பிரிண்டில் இராமபாணப் பூச்சி மூன்று இடத்தில் ஓட்டை போட்டுவிட்டது.