டிடிஎஸ் மீட்டர் சொல்லாதது: ஊர்க் குழாய்த் தண்ணீரை நாமே சோதிக்கும் முறை

"எங்க வீட்டுத் தண்ணி டிடிஎஸ் 180தான், அருமையான தண்ணி" என்று சொல்பவர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்த மீட்டர் அளப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை மட்டும்தான். சாக்கடை கொஞ்சம் கசிந்து கலந்த தண்ணீரிலும் அது 180 காட்டும். பல்லையும் எலும்பையும் கெடுக்கும் அளவுக்கு ஃபுளோரைடு இருந்தாலும் அதற்குத் தனியாக ஒரு எண் அதில் வராது. சப்பென்று இருக்கிறதா, உப்புக் கரிக்கிறதா என்பதை நாக்கே சொல்லிவிடும். நாக்குக்குத் தெரியாததைக் கண்டுபிடிக்கத்தான் சோதனை வேண்டும்.

இருநூறு முந்நூறு வீடுகள், ஒரு மேல்நிலைத் தொட்டி, ஒன்றிரண்டு போர் (ஆழ்துளைக் கிணறு), அதோடு கூட்டுக் குடிநீர் இணைப்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சிற்றூர்களில் பெரும்பாலும் இதுதான் ஏற்பாடு. அப்படிப்பட்ட ஊரை மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு மாவட்டத்தில் இருந்தாலும் வேலை முறை இதேதான். எந்தப் பொருளை முதலில் தேடுவது என்பது மட்டும் மாறும்.

முதலில் தேவையானவை

தண்ணீரை ஊரிலேயே சோதிக்கத் தேவையான ரசாயனங்களும் நிற அட்டைகளும் உள்ள களப் பரிசோதனைப் பெட்டியை ஊராட்சிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்கு அதைப் பயன்படுத்தப் பயிற்சி தர வேண்டும் என்பது ஏற்பாடு. உங்கள் ஊரில் அந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று ஊராட்சி செயலரிடம் கேளுங்கள். பீரோ மேல் தூசி படிந்து கிடந்தால், முதலில் பாட்டில்களில் காலாவதித் தேதியைப் பாருங்கள். தேதி தாண்டிய ரசாயனம் நிறத்தைத் தப்பாகக் காட்டும். அதை வைத்துச் சோதிப்பதைவிட சோதிக்காமல் இருப்பதே மேல்.

ஒரு நோட்டும் பேனாவும் கட்டாயம் வேண்டும். தேதி, நேரம், எந்தக் குழாய், மழை பெய்ததா, அன்று விட்டது போர் தண்ணீரா ஆற்றுத் தண்ணீரா என்று எழுதி வையுங்கள். இவை இல்லாமல் வெறும் எண்களை மட்டும் எழுதி வைத்தால் பின்னால் யாருக்கும் பயன்படாது.

படி 1: தண்ணீர் வரும் வழியை நடந்து பாருங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெட்டியைத் திறக்கத்தான் அவசரப்படுவார்கள். நான் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். போரிலிருந்து தொட்டி வரை, தொட்டியிலிருந்து கடைசி வீடு வரை ஒருமுறை நடந்தால் பாதி விடை கண்ணிலேயே தெரியும்.

தொட்டியில் பார்க்க வேண்டியவை: மூடி சரியாகப் பொருந்துகிறதா, பூட்டு இருக்கிறதா, ஏணிப் பக்கம் யார் வேண்டுமானாலும் ஏறலாமா, கடைசியாகக் கழுவிய தேதி தொட்டிச் சுவரில் எழுதியிருக்கிறதா. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலினக் குடும்பங்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. குழந்தைகளுக்கு உடம்பு முடியாமல் போன பிறகுதான் அது வெளியே தெரிந்தது. அந்தக் கொடுமைக்குக் குளோரினோ பரிசோதனைப் பெட்டியோ மருந்தில்லை. ஆனாலும் பூட்டு இருக்கிறதா என்று கேட்கும் உரிமை அந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஒவ்வொருவருக்கும் உண்டு.

அடுத்து குழாய் வரிசை. பள்ளமான தெருவில் உள்ள குழாய்களைக் குனிந்து பாருங்கள். தண்ணீர் வேகமாக வர வேண்டும் என்பதற்காகத் தரையில் இரண்டு மூன்றடிக் குழி தோண்டி, குழாயைக் கீழே இறக்கி வைத்திருப்பார்கள். குடம் நிறையும்போது சிந்துவது, பாத்திரம் கழுவுவது, மழை பெய்தால் தெருவில் ஓடுவது எல்லாம் அந்தக் குழியில்தான் நிற்கும். குழாயின் வாய் அந்த அழுக்குத் தண்ணீருக்குள் முங்கியிருக்கும். ஆபரேட்டர் வால்வை மூடியதும் லைனில் அழுத்தம் குறைந்து குழாய் உள்ளிழுக்கும். குழியில் நின்ற தண்ணீர் லைனுக்குள் போய்விடும். மறுநாள் வால்வைத் திறந்ததும் முதலில் வரும் குடத்தில் அதுதான் இருக்கும்; அது அடுத்த வீட்டுக் குடமாகவும் இருக்கலாம். இணைப்பில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சினாலும் இதேதான் நடக்கும். சாக்கடைக்குள் போகும் பைப்பில் மயிரிழை விரிசல் இருந்தால் போதும், மோட்டார் அதன் வழியாகச் சாக்கடையையும் சேர்த்து இழுக்கும். நாள் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஊரில் இந்த ஆபத்து மிகக் குறைவு. ஒரு மணி நேரம் மட்டும் விடுகிற நம் ஊர்களில்தான் அதிகம்.

பார்த்ததையெல்லாம் ஒரு தாளில் தெருப் படமாக வரைந்து குறியுங்கள். குழிக் குழாய், கசிவு, சாக்கடையைக் கடக்கும் இடம், போருக்குப் பக்கத்தில் உள்ள கழிப்பறைக் குழி, குப்பைமேடு எல்லாம் அதில் வர வேண்டும். எங்கே மாதிரி எடுப்பது என்பதை அந்தப் படமே சொல்லும்.

படி 2: கடைக்கோடி வீட்டில் குளோரின் பாருங்கள்

எனக்கு ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் செய்வேன். தொட்டியில் போட்ட குளோரின் வழியில் இருக்கும் கிருமியோடும் அழுக்கோடும் போராடித் தீர்ந்துகொண்டே வரும். கடைசிக் குழாய் வரைக்கும் கொஞ்சம் மிச்சம் வந்தால் தண்ணீர் வழியெல்லாம் காவலோடு வந்திருக்கிறது என்று பொருள். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500 அந்த மிச்சம் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது.

தண்ணீர் விட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆன பிறகு கடைசி வீட்டுக் குழாயில் பிடியுங்கள். சோதனைக் குழாயை அதே தண்ணீரால் அலசி, குறியிட்ட கோடு வரை நிரப்பி, பெட்டியோடு வரும் தாளில் சொன்ன அளவு ஆர்த்தோடொலிடின் (குளோரினைக் காட்டும் மருந்து) சொட்டு விடுங்கள். மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது. நிறத்தை உடனே, சில நொடிக்குள் அட்டையோடு ஒப்பிட வேண்டும். பேசிக்கொண்டே நின்றுவிட்டுப் பார்த்தால் கிருமியைக் கொல்லும் சக்தி குறைந்த கலப்புக் குளோரினும் சேர்ந்து மஞ்சள் கூடிவிடும், மிச்சம் அதிகம் என்று ஏமாந்துபோவோம். வெயிலில் பார்க்காமல் நிழலில், பின்னால் வெள்ளைத் தாள் வைத்துப் பாருங்கள். அந்த மருந்து அமிலம் கலந்தது, உடம்புக்கு நல்லதல்ல. கையுறை போடுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள், சோதித்த தண்ணீரைக் கிணற்றடியிலோ போர் அருகிலோ கொட்டாதீர்கள்.

மஞ்சளே வரவில்லை என்றால் ஆபரேட்டர் மேல் பாயாமல் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். மூட்டையைப் பிரிக்கும்போது பிளீச்சிங் பவுடரில் குளோரின் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். வாய் கட்டாமல், ஈரமான மோட்டார் ரூமில் வைத்தால் வீரியம் வேகமாகப் போய்விடும். 25 சதவீதம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 1,000 லிட்டருக்கு 4 கிராம் பவுடர் போட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் கிடைக்கும். 30,000 லிட்டர் தொட்டி என்றால் 120 கிராம். தண்ணீரே பாதியைத் தின்றுவிடும் என்றால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். அதைக் கடைசிக் குழாயில் சோதித்துச் சோதித்துத்தான் முடிவு செய்ய முடியும். பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிய விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். ஊற்றி அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். இந்த அரை மணி நேரத்தைப் பல ஊர்களில் கொடுப்பதே இல்லை.

படி 3: கிருமிக்கான பாட்டில்

பெட்டியில் பழுப்பு நிறத் தூளோ காகிதப் பட்டையோ உள்ள சிறு பாட்டில்கள் இருக்கும். மலக் கலப்பைக் காட்டும் இந்த எளிய சோதனையை 1982-ல் வெளியிட்டவர்கள் இந்திய ஆய்வாளர்கள்தான். பாட்டிலை அலச வேண்டாம். மூடியின் உட்புறத்தைத் தொடாமல் திறந்து, குழாயிலிருந்து நேராகக் கோடு வரை பிடித்து, மூடி, வீட்டுக்குள் வெயில் படாத இடத்தில் வையுங்கள். நம் ஊர்ச் சூடு இதற்குப் போதும். மார்கழிக் குளிரில் மட்டும் அடுப்பங்கரைப் பக்கம் வைக்கலாம். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கறுத்தால் அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. எவ்வளவு சீக்கிரம் கறுக்கிறதோ, கலப்பு அவ்வளவு அதிகம் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம்.

போர் தண்ணீரே அழுகிய முட்டை வாடை அடித்தால் கிருமி இல்லாமலும் பாட்டில் கறுக்கலாம். கறுக்காததாலேயே தண்ணீர் சுத்தம் என்றும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. இந்தச் சோதனை சந்தேகத்தை எழுப்புவதற்குத்தான்; உறுதி செய்வது ஆய்வகத்தின் வேலை.

படி 4: ஃபுளோரைடும் நைட்ரேட்டும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்ணுக்கு அடியில் இருப்பது கெட்டியான பாறை. அதில் உள்ள சில கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. யாரும் கலக்கவில்லை, ஆலைக் கழிவும் இல்லை. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், ருசியிலும் குறை தெரியாது. பிள்ளைகளின் முன்பற்களில் சுண்ணாம்பு வெள்ளையாகவோ பழுப்பாகவோ குறுக்குக் கோடுகள் விழும். அவை எவ்வளவு துலக்கினாலும் போகாது, ஏனென்றால் கறை பல் உருவாகும்போதே உள்ளே படிந்தது. இன்னும் அதிக அளவில் வருடக்கணக்காகக் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகும். இதற்காகத்தான் ஜப்பானின் ஜைகா கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் ஆற்றுத் தண்ணீர் போதாத நாளில் போர் தண்ணீரையும் அதே தொட்டியில் ஏற்றினால், குழாயில் வருவது இரண்டும் கலந்ததுதான். அதனால் போரில் ஒன்று, தொட்டியில் ஒன்று, வீட்டுக் குழாயில் ஒன்று எனத் தனித்தனியாகச் சோதியுங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை.

பெரும்பாலான பெட்டிகளில் ஃபுளோரைடு கூடக் கூட நிறம் இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளுக்குப் போகும். ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழியே இல்லாதபோது 1.5 வரை. அட்டையில் இரண்டு நிறத்துக்கு நடுவே வந்தால் அதிக எண்ணையே எழுதுங்கள்.

நைட்ரேட்டுக்கு எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம், அதற்கு மேல் சலுகை கிடையாது. கழிப்பறைக் குழி, சாணக்குழி, வயலுக்குப் போடும் யூரியா, இவைதான் வழக்கமான காரணங்கள். படி 1-ல் வரைந்த படத்தை இப்போது எடுத்துப் பாருங்கள். நைட்ரேட் அதிகமான தண்ணீரில் பால் பவுடர் கலக்கி ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்து. இரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும்.

கார அமிலத் தன்மை (பிஎச்) 6.5 முதல் 8.5 வரை இருந்தால் சரி. கடினத்தன்மை, இரும்பு, குளோரைடு ஆகியவற்றையும் பெட்டியிலேயே பார்க்கலாம். இவை ருசியையும் துணியையும் பைப்பையும் கெடுப்பவை, அவசரம் குறைவு.

படி 5: ஆய்வகத்துக்கு அனுப்புவது

பெட்டி சந்தேகம் காட்டினால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு மாதிரி கொடுங்கள். ரசாயனச் சோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்ப வேண்டும். எண்ணெய், ஜூஸ் இருந்த கேன் ஆகாது. கிருமிச் சோதனைக்கு நேர்மாறு: ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலைத்தான் வாங்க வேண்டும், அலசவே கூடாது, முழுக்க நிரப்பாமல் மேலே கொஞ்சம் இடம் விட வேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். ஆய்வகம் அந்த நேரத்தில் வாங்குமா என்று முன்பே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: முடிவு வந்த பிறகு

கிருமி என்றால் அன்றிலிருந்தே காய்ச்சிய தண்ணீர்தான். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஒரே தெருவில் நாலைந்து பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல் கிராம சுகாதார செவிலியருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் உடனே சொல்லுங்கள்.

ஃபுளோரைடு, நைட்ரேட் என்றால் காய்ச்சவே கூடாது. தண்ணீர் ஆவியாகி அளவு இன்னும் கூடும். சமையலுக்கும் அந்தத் தண்ணீர் ஆகாது. சோறும் களியும் குழம்பும் எவ்வளவு தண்ணீரை உறிஞ்சுகின்றன என்று நினைத்துப் பாருங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத் தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர் என்று பிரிப்பதுதான் செலவில்லாத வழி. ஆர்ஓ இயந்திரம் ஃபுளோரைடை நீக்கும், ஆனால் நிறையத் தண்ணீரைக் கழிவாகத் தள்ளும். வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளின் பல்லுக்கு அது எந்த உதவியும் செய்யாது. அதனால் போர் தண்ணீரைக் குடிநீர்த் தொட்டியில் கலக்காதீர்கள், அதற்குத் தனித் தொட்டி வையுங்கள் என்று ஊராகச் சேர்ந்து கேட்பதே சரி என்று உறுதியாக நினைக்கிறேன்.

கேட்பதற்கான இடம் கிராம சபை. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. "தண்ணி சரியில்ல" என்று மட்டும் சொன்னால் தீர்மானப் புத்தகத்தில் ஏறாது. "தெற்குத் தெரு கடைசிக் குழாயில் இந்தத் தேதிகளில் மிச்சக் குளோரின் இல்லை, போர் தண்ணீரில் ஃபுளோரைடு இவ்வளவு" என்று எழுத்தில் கொடுங்கள். தெருப் படத்தையும் ஆய்வக அறிக்கையின் நகலையும் சேர்த்து இணையுங்கள். தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். நகல் ஒன்றை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் முதல்வரின் உதவி மையமான 1100-ல் புகாரைப் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள்.