கால் எலும்பு முறிந்தால் செய்யக் கூடாதவை

முழங்காலுக்குக் கீழே முறியும் எலும்புகள் பெரும்பாலும் கூடிவிடும். அசையாமல் வைத்து, ரத்தம் தடையில்லாமல் ஓட வழிவிட்டால் மீதி வேலையை உடம்பே பார்த்துக்கொள்ளும். ஆனால் விழுந்த நொடியில் நேர்ந்த சேதத்தைவிட, அடுத்த சில மணி நேரத்தில் நல்ல எண்ணத்தோடு செய்யும் கைவைத்தியம் சில சமயம் அதிகம் கெடுத்துவிடுகிறது.

"நடக்க முடியுதே, எலும்பெல்லாம் முறிஞ்சிருக்காது" என்பதுதான் முதலில் வரும் பேச்சு. கீழ்க்காலில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. உள்பக்கம் இருக்கும் தடித்த டிபியாதான் உடல் எடையைத் தாங்குகிறது. வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய ஃபிபுலா சுமப்பது சிறு பங்கு மட்டுமே. ஃபிபுலா மட்டும் முறிந்தவர் நொண்டி நொண்டி வீடுவரை வந்துவிடுவார். விரலை ஆட்ட முடிவதையும் நம்பக் கூடாது. விரலை இழுக்கும் தசைகள் கெண்டைக்காலில் இருப்பதால், கணுக்கால் முறிந்திருந்தாலும் விரல் ஆடும்.

கணுக்கால் மடங்கி வீங்கினால் அது சுளுக்கா முறிவா என்று பிரித்துப் பார்க்க, கனடாவின் ஒட்டாவாவில் 1992-ல் வகுத்த ஒரு சோதனை உலகெங்கும் பயன்படுகிறது. விழுந்தவுடனும் சரி, இப்போதும் சரி, 4 அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே வேண்டும். நடக்க முடிந்தாலும் விரல் நுனியால் சில இடங்களை அழுத்திப் பாருங்கள்: இரண்டு பக்கக் கணுக்கால் முட்டிகளின் நுனி, அங்கிருந்து மேலே 6 செ.மீ. வரை அவற்றின் பின் ஓரம், பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே துருத்தும் மேடு, உள் ஓரத்தில் கணுக்காலுக்கு முன்னால் கைக்குத் தட்டுப்படும் மேடு. இவற்றில் எந்த இடத்திலாவது எலும்பு மேல் அழுத்தும்போது 'சுரீர்' என்றால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள், சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள், போதையில் விழுந்தவர்கள் ஆகியோருக்கு இந்தச் சோதனையை நம்பாமல் நேராக மருத்துவரிடம் போவதே சரி.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் விஷயம் முடிந்துவிடாது. அதிக ஓட்டத்தாலும் நெடுநேர நடையாலும் வரும் விரிசல் முதல் 2, 3 வாரங்களுக்குப் படத்தில் தெரியாமல் போகலாம். உள்ளங்காலில் நீலமாக ரத்தம் கட்டியிருந்தால் நடுப்பாதத்தின் இணைப்பு விலகியிருக்கக்கூடும். படுத்தபடி எடுத்த படத்தில் தப்பிவிடும் அந்த விலகல், எடையை ஊன்றி நின்று எடுத்த படத்தில் தெரியும்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. வளரும் எலும்பின் முனையில் உள்ள குருத்து, அதைச் சுற்றியுள்ள தசைநாரைவிடப் பலவீனமானது. பெரியவர்களுக்குச் சுளுக்கு ஆகும் அதே அடியில் பிள்ளைக்குக் குருத்து விலகலாம். "சுளுக்குதான், எண்ணெய் போட்டு உருவிவிட்டா சரியாயிடும்" என்று உருவினால், விலகாத முறிவும் விலகிவிடும். உள்ளே ரத்தக்கசிவும் கூடும். அடிபட்ட காலை யாரும் உருவ வேண்டாம், சுடுதண்ணீர் ஒத்தடமும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வைத்தால் போதும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது இறுக்கிக் கட்டுவது. கெண்டைக்கால் தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்து, விரியாத உறைகளுக்குள் இருக்கின்றன. டிபியா முறிந்தால் இந்த அறைகளுக்குள் ரத்தமும் நீரும் சேர்ந்து அழுத்தம் ஏறும். அதற்கு மேல் மூங்கில் பட்டை வைத்து இறுக்கினாலோ, முழு மாவுக்கட்டு போட்ட பிறகு வீக்கம் கூடினாலோ, தசைக்குப் போகும் சிறு ரத்தக்குழாய்கள் நசுங்கிவிடும். சுமார் 6 மணி நேரத்துக்குள் தசையும் நரம்பும் திரும்ப மீளாத அளவுக்குச் செத்துப்போகலாம். முதல் நாட்களில் பல மருத்துவர்கள் முழுக் கட்டுப் போடாமல் ஒருபக்க ஸ்லாப் மட்டும் வைப்பது இந்த வீக்கத்துக்கு இடம் விடத்தான். அதை அரைகுறை வைத்தியம் என்று நினைத்து, வேறு இடத்துக்குப் போய் இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடுகிறதா என்று கண்டுபிடிக்கக் கால்விரல்களைப் பாருங்கள். நகத்தை அழுத்தினால் வெளுக்கும். விட்டதும் 2 நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். இன்னும் நம்பகமான அடையாளம் வலி. மாத்திரைக்கு அடங்காமல் மணிக்கு மணி ஏறும் வலி, கால்விரலை மெல்ல மேலோ கீழோ வளைத்தாலே கெண்டைக்காலில் உயிர்போகும் வலி, விரலிடுக்கில் மரமரப்பு இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கட்டை உடனே தளர்த்தி, காலை இதயத்தின் மட்டத்திலேயே வைத்து, அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நாடி துடிக்கிறதே என்று ஆறுதல் அடையவும் கூடாது. தசை சாகத் தொடங்கிய பிறகும் பாதத்தில் நாடி தெரியும்.

வீங்குவதற்கு முன்பே கொலுசையும் மெட்டியையும் கழற்றிவிட வேண்டும். மெட்டி சிக்கிக்கொண்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். எடுக்கட்டும், விரல் தப்பட்டும்.

முறிந்த இடத்தில் தோல் கிழிந்திருந்தால் அது கிருமி உள்ளே போகும் வாசல். காப்பித்தூள், மஞ்சள், சாம்பல் எதையும் அப்பாதீர்கள். எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான ஈரத்துணியால் மூடி, ரத்தம் வடிந்தால் அருகில் அழுத்திப் பிடியுங்கள். முடிந்தால் 1 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும், டெட்டனஸ் ஊசியும் வேண்டும். கீழ்க்காலின் இருபுறமும் மடித்த செய்தித்தாளோ தலையணையோ வைத்து, முழங்காலும் கணுக்காலும் சேர்ந்து அசையாதபடி துப்பட்டாவால் தளர்வாகக் கட்டி, 108-ஐ அழையுங்கள். மரத்திலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்து குதிகால் உடைந்தவருக்கு முதுகெலும்பும் நசுங்கியிருக்கலாம். அவரை உட்காரவைத்தோ பைக்கில் ஏற்றியோ கொண்டுபோகக் கூடாது. மயக்கம் தெளிய சோடா, காப்பி கொடுப்பதும் தவறு. அறுவை சிகிச்சைக்கு முன் 6 மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டியிருப்பதால், ஒரு டம்ளர் பால்காப்பி சிகிச்சையையே தள்ளிப்போட வைத்துவிடும்.

மாவுக்கட்டு தொட்டால் கெட்டியாக இருந்தாலும் முழுதாகக் காய 48 மணி நேரம் வரை ஆகும். அதற்குள் எடை ஊன்றினால் கட்டு உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டுவிடும். அரிக்கிறதே என்று ஸ்கேலையோ ஈர்க்குச்சியையோ விட்டுச் சொறிந்தால் வெளியே தெரியாத புண் உள்ளே அழுகும். கட்டிலிருந்து நாற்றம் வந்தால், காய்ச்சல் அடித்தால், குதிகாலில் ஒரே இடத்தில் எரிந்தால் கட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கெண்டைக்கால் வலியோடு திடீரென மூச்சு வாங்கினால் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம், அது அவசரம்.

சர்க்கரை நோயாளியின் பாதம் வலியே இல்லாமல் சிவந்து, சூடாக, வீங்கியிருந்தால் அதை வெறும் கிருமித்தொற்று என்று விட்டுவிடக் கூடாது. நரம்பு மரத்ததால் உள்ளே எலும்புகள் நொறுங்குவதே தெரியாமல் நடந்துகொண்டிருக்கலாம். எடை ஊன்றுவதை அன்றே நிறுத்த வேண்டும்.

ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு சீக்கிரம் கூடும் என்பார்கள். சூப்பில் இறங்கும் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் இருக்கிறது. பாலும் முட்டையும் பருப்பும் கூடவே இருந்தால் நல்லது. பீடி, சிகரெட் மட்டும் கண்டிப்பாகக் கூடாது. புகைப்பவரின் எலும்பு கூடத் தாமதமாகும், கூடாமலே போவதும் உண்டு.

கணுக்கால் முறிவுக்கு ஏறத்தாழ 6 வாரம், டிபியா நடுத்தண்டுக்கு 4 மாதம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம். வலி குறைந்ததை வைத்துக் காலை ஊன்றத் தொடங்காமல், மருத்துவர் படம் பார்த்துச் சொன்ன பிறகு ஊன்றுங்கள். அக்குள் கட்டையின் மேல்முனை அக்குளுக்கு இரண்டு மூன்று விரல் கீழே இருக்கட்டும். எடை உள்ளங்கையில் இறங்க வேண்டும், அக்குளில் தொங்கினால் கை மரத்துவிடும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கட்டையும் அடிபட்ட காலும் முதலில். ஒற்றை ஊன்றுகோலுக்கு மாறும் நாளில் பலரும் அதை அடிபட்ட கால் பக்கமே பிடிப்பார்கள். இடது கால் அடிபட்டிருந்தால் கோலை வலது கையில் பிடித்து, இரண்டையும் ஒன்றாக முன்னே வையுங்கள்.