இடை மாறும் வயதில் சேலை கட்டும் முறை

ஐம்பது வயதை நெருங்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைவதால், முன்பு தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்குகிறது. எடை கூடாதவர்களுக்கும் இது நேர்வதால், எவரும் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

முதலில் மாற்ற வேண்டியது உள்பாவாடையைத்தான். நாடாவை இறுக்கிக் கட்டினால் சதை அதற்கு மேலும் கீழுமாகப் பிதுங்கி, சேலைக்கு வெளியிலும் ஒரு வரியாகத் தெரிவதோடு, கோலாலம்பூர் வெக்கையில் தோலும் புண்ணாகிவிடும். ஆகவே நாடாவுக்குப் பதிலாக மூன்று விரல் அகலமுள்ள பட்டி வைத்து, பக்கவாட்டில் கொக்கி போட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அதைத் தொப்புளுக்குச் சற்று மேலே அணிந்தால் வயிறு சீராகத் தெரியும். அளவு கொடுக்கும்போது அமர்ந்த நிலையிலும் இடையை அளக்கச் சொல்வது அவசியம். நிற்கும்போது பொருந்துவது அமரும்போது அழுத்தும்.

முந்தானையை நீளமாக விட்டு, கொசுவத்தை ஐந்தாறு மடிப்புகளாகக் குறைத்து, நடுவயிற்றிலிருந்து சிறிது இடப்புறம் தள்ளி, தட்டையாக நீவிச் செருகுங்கள். மஸ்ஜிட் இந்தியா சாலையில் துணி எடுக்கும்போது விறைப்பான ஆர்கன்சாவைத் தவிர்த்து, கையில் தொங்கவிட்டால் நேராக விழும் கிரேப் அல்லது ஜார்ஜெட்டைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பேன்.

அலுவலகத்திற்குப் பாஜு கூரோங் என்னும் மலாய்ப் பெண்களின் பாரம்பரிய உடையை அணிபவர்கள், மேற்சட்டை தோளில் சரியாகப் பொருந்தி, இடையில் ஒட்டாமல் விழுமாறு பார்த்துக்கொண்டால் போதும்.