சிங்கப்பூர்க் கடைக்கு இருமொழி இணையத்தளம்: புதுப் பாணிகளில் தமிழ் உடையும் இடங்கள்

பெட்டி பெட்டியாக அடுக்கிய முகப்பு, எழுத்தெழுத்தாகத் துள்ளி விழும் பெரிய தலைப்பு, கறுப்புத் திரை. சிராங்கூன் சாலையில் சேலைக்கடை நடத்துபவர் புதுத் தளம் கேட்டாலும் வடிவமைப்பாளர் இப்போது நீட்டும் மாதிரிகளில் இந்த மூன்றும் இருக்கும். மூன்றுமே ரோமன் எழுத்தை மனத்தில் வைத்து உருவானவை. தமிழை ஏற்றும்போது எங்கே உடையும் என்று தெரிந்துவிட்டால், பாணியைக் கைவிட வேண்டியதில்லை.

எழுத்துருவிலிருந்து தொடங்குங்கள். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றியபோது தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி எழுத்துருவோடும் குறியேற்றத்தோடும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இன்று ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஐஃபோனில் தமிழ் சங்கம் எம்என், விண்டோஸில் நிர்மலா யூஐ எனக் கருவியிலேயே தமிழ் இருக்கிறது. ஆகவே நீண்ட பத்திகளுக்குத் தனி எழுத்துரு ஏற்றுவது வீண்சுமை. தலைப்புக்கு மட்டும் ஒன்று போதும். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும் கட்டமரன் எழுத்துரு, வேரியபிள் (தடிமனை மாற்றிக்கொள்ளக்கூடிய) வகையில் 100 முதல் 900 வரையிலான தடிமனை ஒரே கோப்பில் தருகிறது. அதை வோஃப்2 என்ற சுருக்கிய இணைய எழுத்துரு வடிவில் வைத்து, எந்த எழுத்துக்கு எந்தக் கோப்பு என்று சொல்லும் யூனிகோட்-ரேஞ்ச் கட்டளை மூலம் தமிழ், ஆங்கிலம் என இரு கோப்புகளாகப் பிரியுங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. ஆங்கிலப் பக்கத்தின் மேல்மூலையில் "தமிழ்" என்ற மொழிப் பொத்தான் இருக்குமல்லவா? அதற்கும் தலைப்பு எழுத்துருவைக் கொடுத்துவிட்டால், அந்த ஒரு சொல்லுக்காக முழுத் தமிழ்க் கோப்பும் இறங்கும். பொத்தானைக் கருவியின் எழுத்துருவிலேயே விடுங்கள். பொத்தானில் கொடியும் வேண்டாம். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றுக்கு எந்த நாட்டுக் கொடியைப் போடுவீர்கள்? அழுத்தினால் அதே பக்கத்தின் தமிழ் வடிவம் வரவேண்டும், முகப்பு அல்ல. தமிழ்ப் பகுதிகளுக்கு, நிரலில் மொழியைக் குறிக்கும் லாங் பண்பில் "டிஏ" என்ற மொழிக்குறி கட்டாயம். அது இல்லாவிட்டால், பார்வையற்றோருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயலும், அல்லது தாண்டிப் போகும்.

பெரிய ஆங்கிலத் தலைப்புகளுக்கு இப்போது வரி உயரத்தை (லைன்-ஹைட்) எழுத்தளவின் 0.9, 1.0 மடங்கு என்று வைக்கிறார்கள். தமிழில் மேல்வரியின் "மூ", "ழு" கீழே நீளும், கீழ்வரியின் "கீ", "லி" மேலே வளையும், இரண்டும் முட்டிக்கொள்ளும். தலைப்புக்கு 1.3க்குக் குறையாமலும் பத்திக்கு 1.6 முதல் 1.7 வரையும் வையுங்கள். எழுத்துகளை நெருக்கும் லெட்டர்-ஸ்பேசிங் கட்டளையைத் தமிழுக்குச் சுழியமாக்குங்கள். 300க்குக் குறைந்த தடிமனை மறந்துவிடலாம். ண, ன, ழ சுழிகள் சிறிய அளவில் கரைந்துபோகும்.

அதிகமாகச் சொதப்புவது துள்ளும் தலைப்புதான். பல அசைவூட்ட நிரல்கள் சொல்லை யூனிகோட் குறி வாரியாக வெட்டுகின்றன. "கி" என்பது உள்ளே க, இகரக்குறி என இரண்டு குறிகள். பிரித்ததும் குறி அநாதையாகிப் புள்ளிவட்டத்தின் மேல் தொங்கும். ஜாவாஸ்கிரிப்டின் இன்ட்ல்.செக்மென்டர் எழுத்தெல்லை அறிந்து வெட்டும். ஃபயர்ஃபாக்ஸும் 2024இல் அதை ஏற்றுக்கொண்டதால் இன்று எல்லா முக்கிய உலாவிகளிலும் கிடைக்கிறது. ஆனால் அதுவும் "க்ஷ" வந்தால் க், ஷ என்று பிரித்துவிடும். எங்கள் பரிந்துரை: தமிழில் எழுத்தை அசைக்காதீர்கள், சொல்லை அசையுங்கள். பார்க்கவும் அதுவே நன்று. அசைவு வேண்டாம் என்று கருவியில் அமைத்தவர்களுக்கு அதை நிறுத்திவைக்கவும் ஏற்பாடு செய்யுங்கள்.

பெட்டி முகப்பில் சிக்கல் சொல்லின் நீளம். 360 பிக்சல் அகலக் கைத்தொலைபேசியில் இரண்டு பெட்டி அருகருகே நின்றால், ஓரங்கள் போக ஒவ்வொன்றிலும் எழுத்துக்கு 130 பிக்சல் அளவில்தான் மிஞ்சும். "முன்பதிவுசெய்துகொள்ளலாம்" அதற்குள் அடங்காது. ஓவர்ஃப்ளோ-ரேப் கட்டளையில் "எனிவேர்" என்று கொடுத்தால் உலாவி கண்ட இடத்தில் முறித்து, அடுத்த வரியை "ள்" என்று மெய்யெழுத்தில் தொடங்கிவிடும். நீளச் சொற்களில் முறிக்கத் தகுந்த இடத்தில் டபிள்யூபிஆர் குறியை நீங்களே வையுங்கள்: முன்பதிவு, செய்து, கொள்ளலாம். பெட்டியின் உயரத்தைப் பூட்டாமல் குறைந்தபட்ச உயரம் மட்டும் கொடுங்கள். பெட்டியின் அகலத்தைப் பார்த்து உள்ளடக்கம் மாற, 2023 முதல் பரவலாக இயங்கும் கண்டெய்னர் குவெரி என்ற கட்டளை உதவும்.

கறுப்புத் திரையில் முழுக் கறுப்பின் மேல் முழு வெள்ளை எழுத்து கூசும். இரண்டையும் சற்றுத் தணியுங்கள், ஆனால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு 4.5:1க்குக் கீழே போகக்கூடாது. பலர் மறப்பது, பணம் கட்டுவதற்கான பேநவ் கியூஆர் குறியீடு. பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக வைத்திருந்தால், கறுப்புத் திரைக்கு மாறியதும் கறுப்பின் மேல் கறுப்பாகி மறைந்துவிடும். வெள்ளைப் பின்னணியோடு, சுற்றிலும் குறியீட்டின் சிறு கட்டங்கள் நான்கின் அகலத்துக்கு வெற்றிடம் விட்டுச் சேமியுங்கள். கைத்தொலைபேசியில் தளத்தைப் பார்ப்பவர் அதே கைத்தொலைபேசியால் குறியீட்டை வருட முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். "படத்தைச் சேமி" என்றொரு பொத்தானும், யூஇஎன் என்ற நிறுவனப் பதிவு எண்ணை நகலெடுக்கும் பொத்தானும் பக்கத்திலேயே இருந்தால் அவர் வங்கிச் செயலிக்குப் போய்ப் பணம் கட்டிவிடுவார். பொத்தான்கள் குறைந்தது 24 பிக்சல். கட்டைவிரலுக்கு 44 இருந்தால் நிம்மதி.

வேகத்துக்குக் கூகல் வைத்திருக்கும் அளவுகள்: முதன்மைப் படம் தோன்றுவது 2.5 வினாடிக்குள், தொடுகைக்குப் பதில் 200 மில்லிவினாடிக்குள், ஏறும்போது பக்கம் இடம்பெயர்ந்து குதிப்பதற்கான மதிப்பெண் 0.1க்குள். முகப்புச் சேலைப் படத்துக்குத் தாமத ஏற்றம் (திரைக்கு அருகில் வரும்வரை படத்தை இறக்காத ஏற்பாடு) வைப்பதுதான் முதல் அளவைக் கெடுக்கும் வழக்கமான காரணம். படங்களுக்கு அகல உயரம் குறிப்பிடாவிட்டால் மூன்றாவது கெடும். தீபாவளித் தள்ளுபடி அறிவிப்பைப் படத்துக்குள்ளேயே எழுதி ஒட்டும் பழக்கத்தை விடுங்கள். தேடலிலும் சரியாகச் சிக்காது, சிறுதிரையில் படிக்கவும் முடியாது.

படிவத்தில் பெயர், தொடர்பு எண், தேவையானால் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு போதும். அடையாள அட்டை எண்ணைக் கேட்கும் கட்டம் பழைய வார்ப்புருவில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் நீக்கிவிடுங்கள்: சட்டம் கோரினாலோ ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, 2019 செப்டம்பர் 1 முதல் தனியார் நிறுவனங்கள் அதைச் சேகரிக்கக்கூடாது.