கோயம்பேட்டில் பச்சை மொச்சை வாங்கி, வீட்டில் குழம்பு வைப்பது எப்படி? முதல் முறை முயல்பவர்களுக்கு

மார்கழி பாதி தாண்டிவிட்டால் சென்னையில் எந்தக் காய்கறிக் கடைக்குப் போனாலும் ஒரு ஓரத்தில் பச்சை மொச்சை குவிந்து கிடக்கும். தை முழுக்கக் கிடைக்கும், மாசியில் வரத்து குறைய ஆரம்பிக்கும், அதை விட்டால் அடுத்த பனிக்காலம்தான். பகல் பொழுது குறையும்போதுதான் நாட்டு மொச்சைக் கொடி பூக்கும், அதனால்தான் பனியும் மொச்சையும் ஒன்றாகவே வருகின்றன. காய்ந்த மொச்சை மளிகைக் கடையில் வருஷம் முழுக்க இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, நன்றாகவும் இருக்கும், ஆனால் பச்சைக் காயை உரிக்கும்போது கையில் ஏறும் அந்த வாசனை அதில் கிடையாது.

இதுவரை ஆப்பிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் மட்டுமே காய் வாங்கிப் பழகியவர்கள், சமையலையும் இப்போதுதான் தொடங்கியவர்கள், உங்களுக்காகத்தான் இது. ஒரு சந்தை, ஒரு காய், ஒரு குழம்பு, அவ்வளவு போதும். எனக்குத் தெரிந்து பாதிச் சமையல் சந்தையிலேயே முடிந்துவிடுகிறது. நல்ல காய் கையில் இருந்தால் புதிதாகச் சமைப்பவர் வைக்கும் குழம்பும் நன்றாகவே வரும்.

முதல் படி: காய்கறிப் பட்டியலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்

புளி, குழம்புத் தூள், நல்லெண்ணெய், கடுகு, வெந்தயம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். காயை அங்கே போய் முடிவு செய்யலாம். சாம்பார் என்றாலே முருங்கைக்காய் என்று எழுதிக்கொண்டு போகிறோம், மழையிலும் பனியிலும் முருங்கை சரியாகப் பூக்காது, அதனால் இந்த மாதங்களில் அதன் விலை எகிறி நிற்கும், காயும் சூம்பிப் போயிருக்கும். அதே நேரத்தில் பக்கத்துக் கடையில் மொச்சையும் அவரையும் மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருக்கும். எது குவிந்து கிடக்கிறதோ அதுதான் அந்த மாதத்துக் காய், விலையும் அதில்தான் கட்டுப்படியாகும்.

அடுத்து: எப்போது போவது, எப்படிப் போவது

ஜார்ஜ் டவுனில் இருந்த கொத்தவால்சாவடியின் மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்கு மாறியது. காய்கறி, பழம், பூ என்று தனித்தனிப் பகுதிகள். மெட்ரோவில் போனால் கோயம்பேடு நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம். நள்ளிரவு தாண்டி லாரிகள் இறங்கும், விடிகாலையில் சில்லறை வியாபாரிகள் மூட்டைக் கணக்கில் எடுப்பார்கள், அந்த நேரத்தில் நாம் போய் அரை கிலோ கேட்டு நின்றால் அவர்களுக்கும் இடைஞ்சல் நமக்கும் இடைஞ்சல். காலை 7 மணிக்கு மேல் போங்கள். மொத்தக் கடைகளில் கிலோ கணக்கில் தரமாட்டார்கள், உள்ளேயே சில்லறையாக விற்பவர்கள் நிறையப் பேர் உண்டு, அவர்களிடம் வாங்கலாம்.

இரண்டு துணிப்பை, கொஞ்சம் சில்லறை, வழுக்காத செருப்பு. தரை ஈரமாகத்தான் இருக்கும், இலையும் தழையும் மிதிபட்டுக் கிடக்கும். தலைச்சுமையோடு வருபவர் "வழி, வழி" என்று குரல் கொடுத்தால் உடனே ஒதுங்கி நில்லுங்கள், 50 கிலோ மூட்டையைச் சுமந்துகொண்டு அவரால் நின்று நிதானிக்க முடியாது. பொங்கலுக்கு முந்தைய நாட்களில் கரும்பு, மஞ்சள் கொத்து விற்கும் சிறப்புச் சந்தை போடுவார்கள், பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் முதல் முறை போகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் போகாமல் அதற்கு முன்னேயோ பின்னேயோ போவது நல்லது.

வேறு ஊரில் இருக்கிறீர்களா? உங்கள் ஊர் உழவர் சந்தைக்குப் போங்கள். 1999-ல் மதுரை அண்ணாநகரில் தொடங்கிய திட்டம் அது, விளைவித்தவரே விற்கிறார், அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

சந்தைக்குள்: வாங்கும் முன் ஒரு சுற்று

பையைத் திறக்காமல் ஒரு சுற்று நடந்து வாருங்கள். நாலைந்து கடையில் விலை கேட்டாலே அன்றைய நிலவரம் புரிந்துவிடும். "அண்ணா, இன்னிக்கு மொச்சை எங்கேர்ந்து வந்திருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள், கூடவே எந்தக் காய் இன்று சரியில்லை என்பதையும் சில பேர் சொல்வார்கள். கூறு கட்டி வைத்திருக்கும் அக்காக்களிடம் எடை கிடையாது, ஒரு கூறு இவ்வளவு என்பதுதான் கணக்கு. அதில் ஒன்றிரண்டு சொத்தை இருந்தால் மாற்றித் தரச் சொல்லலாம், கோபப்படமாட்டார்கள்.

மொச்சையைப் பார்த்து எடுப்பது

இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். காயை எடுத்துத் தடவினால் உள்ளே கொட்டைகள் புடைத்துத் தெரிய வேண்டும். தட்டையாக இருந்தால் பிஞ்சு, உரித்தால் ஒன்றும் தேறாது. தோல் பச்சையாக, லேசான பளபளப்போடு, விரலில் கொஞ்சம் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும். முகர்ந்து பார்த்தால் மொச்சைக்கே உரிய வாடை தூக்கலாக வரும். அந்தப் பிசுபிசுப்பும் வாடையும் இருந்தால் பறித்து அதிக நேரம் ஆகவில்லை என்று அர்த்தம். தோல் மஞ்சளித்து, காய் சுருங்கியிருந்தால் கொட்டை முற்றிவிட்டது. தூக்கிப்போட வேண்டியதில்லை, வேக நேரம் எடுக்கும், அவ்வளவுதான். காயின் மேல் குண்டூசி முனையளவு ஓட்டை தெரிந்தால் எடுக்காதீர்கள், உள்ளே புழு இருக்கும். கேட்டுவிட்டு ஒரு காயைப் பிரித்துப் பாருங்கள்.

உரித்து வைத்த மொச்சையும் பாக்கெட்டில் கிடைக்கிறது. வேலை மிச்சம்தான், ஆனால் உரித்த கொட்டை சீக்கிரம் வழவழப்பாகிப் புளித்த வாடை அடிக்க ஆரம்பித்துவிடும், தண்ணீரில் போட்டு உப்ப வைத்து விற்பதும் உண்டு. முதல் முறை தோலோடு வாங்குங்கள். நாலு பேருக்கு 1 கிலோ காய் சரியாக இருக்கும், உரித்தால் எடையில் பாதிக்கும் குறைவாகத்தான் தேறும்.

கூடவே கால் கிலோ கத்திரிக்காய். முள்ளுக் கத்திரி கண்ணில் பட்டால் விடாதீர்கள், வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, புளிக்குழம்புக்கென்றே விளைந்த காய் அது. இல்லாவிட்டால் வரிக் கத்திரி போதும். காம்பு பச்சையாக, காய் கனம் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். கனமாக இருந்தால் உள்ளே விதை முற்றியிருக்கும். தக்காளியில் நவீன், நாடு என்று இரண்டு வகை சொல்வார்கள், குழம்புக்குப் புளிப்புள்ள நாட்டுத் தக்காளியை வாங்குங்கள். சாம்பார் வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை. வேலை முடிந்தது. போகிற வழியில் சிறுகிழங்கு, பனங்கிழங்கு, சர்க்கரைவள்ளி எல்லாம் கண்ணை இழுக்கும், எடுத்துக்கொள்ளுங்கள், பனங்கிழங்கை மஞ்சள்தூளும் உப்பும் போட்டு வேகவைத்தாலே போதும்.

வீட்டில்: உரிப்பதும் வேகவைப்பதும்

காயின் நுனியைக் கிள்ளி நாரை இழுத்தால் தோல் திறந்துகொள்ளும். டிவி முன்னால் உட்கார்ந்து இரண்டு பேர் உரித்தால் சீக்கிரம் முடிந்துவிடும். கொட்டையைக் கழுவி, மூழ்கும் அளவு தண்ணீர், அரை ஸ்பூன் உப்பு போட்டுத் திறந்த பாத்திரத்தில் 15 நிமிடம் வேகவையுங்கள். குக்கர் என்றால் ஒரு விசில், முற்றிய கொட்டைக்கு இரண்டு. ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினால் மாவாக நசுங்க வேண்டும், தோல் மட்டும் கிழியாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், குழம்புக்கு வேண்டும்.

மொச்சையைத் தனியாக வேகவைப்பதற்குக் காரணம் இருக்கிறது. புளித்தண்ணீரில் பயறு வகை எதுவுமே சீக்கிரம் வேகாது, புளிப்பு ஏறினால் கொட்டை இறுகிவிடும். வெந்த பிறகு புளியில் சேர்த்தால் கவலையில்லை. பச்சையாக வாயில் போட்டு மெல்லவும் வேண்டாம், மொச்சையை நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

குழம்பு வைப்பது

சின்ன எலுமிச்சை அளவு புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்துக்கொள்ளுங்கள். கத்திரிக்காயைக் காம்போடு நாலாகக் கீறி உப்புத் தண்ணீரில் போட்டுவையுங்கள், கறுக்காது. அடிகனமான சட்டியில், மண்சட்டி இருந்தால் அதில், 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிக் கடுகு, கால் ஸ்பூன் வெந்தயம், கறிவேப்பிலை தாளியுங்கள். வெந்தயம் கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும், அதனால் கடுகு வெடித்த பிறகு போட்டு, சிவந்தவுடன் 15 சாம்பார் வெங்காயம், 8 பல் பூண்டு சேர்த்துவிடுங்கள். வெங்காயம் நிறம் மாறியதும் கத்திரிக்காயைத் தண்ணீர் வடித்துப் போட்டு, தோல் சுருங்கும் வரை அந்த எண்ணெயிலேயே வதக்குங்கள். இதில் அவசரப்படாதீர்கள், எண்ணெயில் வதங்காத கத்திரிக்காய் குழம்பில் சவசவவென்று கிடக்கும்.

அப்புறம் இரண்டு தக்காளியை நறுக்கிப் போட்டுக் குழைய விடுங்கள். 2 மேசைக்கரண்டி குழம்பு மிளகாய்த்தூள், கால் ஸ்பூன் மஞ்சள்தூள். குழம்புத் தூள் இல்லாதவர்கள் 2 தேக்கரண்டி மிளகாய்த்தூளும் 4 தேக்கரண்டி மல்லித்தூளும் போடலாம். தீயைக் குறைத்து அரை நிமிடம் பிரட்டினால் பச்சை வாடை போகும். இப்போது புளிக்கரைசல், மொச்சை வெந்த தண்ணீர், உப்பு. தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, பார்த்துப் போடுங்கள். 10 நிமிடம் கொதித்ததும் வெந்த மொச்சையைச் சேர்த்து, ஒரு கால் மூடித் தேங்காயை அரை ஸ்பூன் சோம்போடு மைய அரைத்து ஊற்றுங்கள். சிறுதீயில் இன்னும் 8, 10 நிமிடம். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும்போது இறக்கிவிடலாம். சோறு, இட்லி, களி எதற்கும் சேரும், இறக்கி ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட்டால் புளியும் காரமும் மொச்சைக்குள் இறங்கியிருக்கும்.

ஒரு தடவை இது கைவந்துவிட்டால் பிதுக்கம்பருப்புக்குப் போங்கள். வேலூர், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பனிக்காலத்தில் இது இல்லாத வீடு அபூர்வம். உரித்த கொட்டையை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் கட்டைவிரலால் அழுத்தினால் தோலை விட்டுப் பருப்பு பிதுங்கி வெளியே குதிக்கும். குழந்தைகளைக் கூப்பிட்டால் போட்டி போட்டுக்கொண்டு செய்வார்கள். பிதுக்கிய பருப்பைக் குக்கரில் போடாதீர்கள், குழைந்துவிடும். திறந்த பாத்திரத்தில் 10 நிமிடமே போதும்.

மிச்சமிருக்கும் காயைத் தோலோடு துணிப்பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும். சீசன் முடிந்த பிறகும் வேண்டும் என்றால் உரித்த கொட்டையைக் கொதிக்கும் தண்ணீரில் 2 நிமிடம் போட்டு எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஈரம் போக உலர்த்தி, ஒரு வேளைக்கு ஒரு பை என்று பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். சமைக்கும்போது வெளியே எடுத்துக் காத்திருக்க வேண்டாம், அப்படியே கொதிக்கும் தண்ணீரில் போட்டு வேகவைக்கலாம்.