இரண்டாம் உலகப் போரைக் கல்லடிக் கடலிலிருந்து படிப்பிப்பது எப்படி

தரம் 11 வரலாற்றில் உலகப் போர்கள் வரும் பாடத்தைப் பல வருடமாக எல்லாரும் படிப்பிக்கிற மாதிரித்தான் நானும் படிப்பித்தேன். வேர்செய்ல்ஸ் உடன்படிக்கை, முசோலினி, ஹிட்லர், யப்பான், பிறகு போலந்து. பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள், நான் வெண்கட்டியைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போவேன். ஒரு நாள் கடைசி வாங்கில் இருந்த பொடியன் ஒருவன் கேட்டான்: "சேர், இதெல்லாம் நடக்கக்குள்ள நம்மட ஊர்ல என்ன நடந்த?"

பதில் என்னிடம் இருந்தது. பாடம் முடிந்து நேரம் மிஞ்சினால் சொல்லலாம் என்று வைத்திருந்த பதில். அடுத்த வருடத்திலிருந்து பாடத்தையே அதிலிருந்து தொடங்குகிறேன். டியூஷன் எடுக்கும் இளம் ஆசிரியர்களுக்கும், வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும் அந்த முறையைச் சொல்கிறேன்.

முதல் நாள் பிள்ளைகளை மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கிழக்கே கையை நீட்டி, ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றருக்கு அப்பால், 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் ஒரு விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது என்று சொல்லுங்கள். பெயர் ஹேர்மிஸ். விமானந்தாங்கியாக இருப்பதற்கென்றே உலகில் முதன்முதலில் வரையப்பட்ட கப்பல் அது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தபோது அதில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் இறந்தார்கள். கூட வந்த வம்பயர் என்ற அவுஸ்திரேலியக் கப்பலும் போனது. வீற்றா என்ற மருத்துவக் கப்பல் வந்து ஏறத்தாழ 600 பேரைத் தூக்கியது. விமானமில்லாத விமானந்தாங்கி என்றதும் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அடுத்த கேள்வி அவர்களிடமிருந்தே வரும்: யப்பான்காரனுக்கு மட்டக்களப்பில் என்ன வேலை?

அங்கிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். பலகையின் வலது ஓரத்தில் '1942 கல்லடி' என்று எழுதி, இடப்பக்கமாகப் போங்கள். பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது, இந்தப் பக்கக் கடலில் பிரித்தானியரின் கடற்படைக்குப் பெரிய தளங்களாகத் திருகோணமலையும் கொழும்பும்தான் மிச்சம். அதற்கு முன் 1941 டிசம்பரில் அமெரிக்காவின் பேர்ள் துறைமுகம். அங்கே குண்டு போட வந்த ஆறு விமானந்தாங்கிகளில் ஐந்துதான் பிறகு நம் கடலுக்கும் வந்தவை. அதற்கும் முன், 1941 ஓகஸ்ட்டில் அமெரிக்கா யப்பானின் எண்ணெயை மறித்தது. ஏன் மறித்தது? யப்பான் சீனாவுக்குள்ளும் இந்தோசீனாவுக்குள்ளும் இறங்கியிருந்தது. அது எப்போது தொடங்கியது? 1931 செப்டெம்பர், சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியா. முதல் நாளுக்கு அது போதும்.

இரண்டாம் நாள் கதிரை விளையாட்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், நேரம் எவ்வளவு போனாலும் குறைக்காதீர்கள். எட்டுப் பிள்ளைகளை வட்டமாக இருத்தி, "நீங்கள்தான் சர்வதேச சங்கம், போரைத் தடுக்க நாடுகள் சேர்ந்து அமைத்தது" என்று சொல்லுங்கள். ஒருவனிடம் மட்டும் இரகசியமாக, பக்கத்துப் பிள்ளையின் கேத்திரகணிதப் பெட்டியை எடுக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் பேசலாம், கண்டனம் எழுதலாம், எழும்பக் கூடாது. பறிகொடுத்தவள் கத்துவாள், சங்கம் தாளில் எழுதும். பிறகு இன்னொருவன் யாரும் சொல்லாமலே எதிர்ப்பக்கத்தில் இருப்பவளின் பேனையை எடுப்பான். நான் நடத்திய வகுப்பில் ஒவ்வொரு முறையும் இது நடந்திருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்துங்கள். முதலில் எடுத்தவன் யப்பான், இரண்டாவது இத்தாலியின் முசோலினி. சங்கம் அறிக்கை எழுதியதும் யப்பான் 1933இல் வெளியே போய்விட்டது. இத்தாலி 1935 ஒக்டோபரில் எதியோப்பியாவுக்குள் புகுந்தபோது தடை விதித்தார்கள், ஆனால் தடைப் பட்டியலில் எண்ணெய் இல்லை. சுயெஸ் கால்வாயையும் மூடவில்லை. ஒரு முறை பெட்டியைப் பறிகொடுத்த பிள்ளை, "எடுத்தவன்ல எனக்குக் கோபமில்ல சேர், எழுதிக்கொண்டிருந்தவங்கள்லதான்" என்றாள். எதியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசி 1936இல் சங்கம் கூடும் ஜெனீவாவில் போய் நின்று பேசியதை அதற்குப் பிறகு விளக்க வேண்டியிருக்கவில்லை.

விளையாட்டின் கடைசிச் சுற்றில் ஒரு பிள்ளையைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவளுடைய புத்தகப்பையை யாருக்குக் கொடுப்பது என்று மற்றவர்களை முடிவெடுக்கச் சொல்லுங்கள். 1938 செப்டெம்பர் மியூனிக் அதுதான். செக்கோஸ்லோவாக்கியாவைப் பிரித்த மேசையில் அந்த நாட்டுக்குக் கதிரை இல்லை. ஆறு மாதத்தில் ஹிட்லர் அதன் தலைநகர் பிராக்கில் நின்றார்.

மூன்றாம் நாளுக்குப் புளியங்கொட்டை வேண்டும். நோட்ஸ்களில் "ஹிட்லர் தேர்தலில் பெரும்பான்மை பெற்று ஆட்சிக்கு வந்தார்" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். நானும் ஒரு காலம் கொடுத்தவன்தான். பத்து ஆசனத்துக்கு ஒரு கொட்டை என்று வையுங்கள். ஹிட்லரின் நாசிக் கட்சிக்கு 1928இல் 12 ஆசனம், ஒரு கொட்டையும் ஒரு துண்டும். 1930இல் 107. 1932 ஜூலையில் 230, அதாவது மொத்தம் 61 கொட்டைகளில் 23. அதே வருடம் நவம்பரில் 196, குறைந்துவிட்டது! மூன்று மாதம் ஆகுமுன், 1933 ஜனவரி 30இல், ஜனாதிபதி ஹின்டன்பேர்க் அவரைக் கூப்பிட்டுப் பிரதமராக்கினார். முன்னாள் பிரதமர் பாப்பன் போன்ற பழைய ஆட்கள், இவரை முன்னால் இருத்திவிட்டுப் பின்னால் நின்று நாங்கள் ஆட்டுவிக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். முசோலினியையும் 1922இல் அரசர்தான் கூப்பிட்டார். கொட்டை குறைந்த பிறகு கதவைத் திறந்தது யார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். 1923இல் ஒரு டொலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்ததையும் ஹிட்லரின் எழுச்சியையும் ஒன்றாகப் போட்டுக் கிண்டிவிடுகிறார்கள். அந்தப் பணவீக்கம் அடங்கிய பிறகுதான் அந்த 12 ஆசனம். அவரை மேலே தூக்கியது 1929க்குப் பிந்திய பொருளாதார மந்தம், 1932இல் ஏறத்தாழ 60 லட்சம் பேருக்கு வேலையில்லை. 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. அந்த வரிசையில் நின்றபோது யாரையெல்லாம் திட்டினார்கள், யார் வந்தால் சரி என்று பேசினார்கள் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள், போதும்.

ஹிட்லரைப் பற்றி, "அவர் றோட்டுப் போட்டவராம் சேர், ஒழுங்கான ஆளாம்" என்று ஒருவன் கட்டாயம் சொல்வான். அதட்டாதீர்கள். 1933 மார்ச்சில் 444க்கு 94 என்ற வாக்கில் பாராளுமன்றம் தன் அதிகாரத்தைத் தானே எழுதிக் கொடுத்ததையும், ஜூலைக்குள் வேறு கட்சியே சட்டப்படி இல்லாமல் போனதையும் சொல்லி, அந்த றோட்டில் குழி விழுந்தால் யாரிடம் முறையிடுவாய் என்று கேளுங்கள்.

"வெள்ளைக்காரன் மட்டும் நல்லவனா?" என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாமும் அப்போது அவனுக்குக் கீழேதான் இருந்தோம். ஆனால் மஞ்சூரியா விழுந்த அதே 1931இல்தான் வெள்ளைக்காரன் கொண்டுவந்த டொனமூர் அரசியல் யாப்பின்படி நம் பாட்டிமார் முதல்முறை வாக்குப் போட்டார்கள் என்பதையும் பலகையில் எழுதிவிடுங்கள்.

பரீட்சைக்கு என்றால், பலகையில் எழுதியதை இடமிருந்து வலமாக வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் நடுவில் 'அதனால்' போடப் பழக்குங்கள். 'அதனால்' பொருந்தாத இடத்தில் பிள்ளைக்கு ஏதோ விளங்கவில்லை, அங்கே திரும்பப் போங்கள்.

கடற்கரைக்குப் பின்னேரம் நாலரைக்குப் பிறகு போவது நல்லது, அதற்கு முன் மணல் சுடும். மாரியில் போக வேண்டாம், கடல் பொல்லாதது. தண்ணீர்ப் போத்தல் எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளம் இழுத்துக்கொண்டிருக்கும் ஆட்களிடம் கப்பல் எந்தத் திக்கில் கிடக்கிறது என்று பிள்ளைகளையே கேட்க விடுங்கள். நான் காட்டியது கொஞ்சம் தெற்கே தள்ளிவிட்டது என்று ஒரு ஐயா போன வருடம்தான் என் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.