கான்ஸ்டபிளின் ‘ஹே வெயின்’: வண்டியைக் கடைசியில் பாருங்கள்

ஆங்கிலேய நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821-இல் வரைந்த இந்த ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். மொபைலில் மட்டும் பார்க்காதீர்கள். அசல் ஓவியம் 185 செ.மீ. அகலம், லேப்டாப் திரையாவது வேண்டும். விளக்கக் குறிப்பையும் இப்போது படிக்க வேண்டாம்.

1. முதலில் பெயர். ‘வைக்கோல் வண்டி’ என்று மொழிபெயர்த்தால் நமக்கு நெற்களம்தான் நினைவுக்கு வரும். இங்கே இருப்பது கால்நடைத் தீவனத்துக்காகக் கோடையில் அறுத்துக் காயவைக்கும் புல். வண்டியோ காலி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. வண்டியைக் கையால் மறையுங்கள். நான் ரொம்ப நாள் சிக்கிக்கிடந்தது இங்கேதான். நடுவில் வண்டி நிற்கிறதே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழகான காலண்டர் படம் என்பதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. ஒருநாள் அதை மறைத்துவிட்டு, ‘வெயில் எங்கே விழுகிறது?’ என்று மட்டும் தேடினேன். இடப்பக்கம் மேகம் கறுத்திருக்கிறது, வில்லி லாட் என்ற விவசாயியின் வீடும் மரங்களும் நிழலில். அப்படியே வலப்பக்கம் வந்தால், தூரத்துப் புல்வெளி பளிச்சென்று கிடக்கிறது. இன்னும் பெரிதாக்குங்கள். எறும்பளவு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். புல் அறுக்கிற ஆட்கள்! இப்போது கையை எடுங்கள். ஸ்டவர் ஆற்றைக் கடந்து அந்த வண்டி எங்கே போகிறது என்று புரிகிறதா? கதையைச் சொல்வது வெளிச்சம்தான். 1821-இல் ராயல் அகாடமி கண்காட்சியில் இதை வைத்தபோது ‘நிலக்காட்சி: நண்பகல்’ என்றுதான் கான்ஸ்டபிள் பெயரிட்டிருந்தார்.

3. குதிரைகளின் சேணத்தில் இருக்கும் சிவப்பை விரல்நுனியால் மூடிப் பாருங்கள். சுற்றியுள்ள பச்சை மொத்தமும் சோர்ந்துவிடும். விரலை எடுத்ததும் இலைகள் உயிர்பெறும். இதை நாலைந்து முறை செய்யுங்கள், எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

4. அப்புறம், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இதே அளவில் அவர் முன்னோட்டமாக வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். முன்னோட்டத்தில் தூரிகை ஓடிய வேகம் அப்படியே தெரியும். சிலருக்கு அதுதான் பிடிக்கிறது. என் ஓட்டு முடித்த ஓவியத்துக்குத்தான், அந்தத் தூரத்துப் புல்வெளிக்காக.

பிற்சேர்க்கை: வண்டி ஏன் தண்ணீருக்குள் நிற்கிறது, சேற்றில் மாட்டிக்கொண்டதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லை, அது ஆழமில்லாத துறை. கோடையில் மரச்சக்கரம் காய்ந்து சுருங்கினால் இரும்புப் பட்டை தளர்ந்துவிடும். தண்ணீரில் ஊறினால் மரம் உப்பி இறுகும். அதற்காகவும் நிறுத்தியிருக்கலாம் என்பார்கள். இப்போது கரையில் நிற்கும் நாயைப் பாருங்கள், அதுவும் வண்டியைத்தான் பார்க்கிறது.